ஏழூருக்கு ஒரு துருத்தி

குறுந்தொகையின் 172ஆம் பாடலில், மாலைப் பொழுதின் தனிமையிலே தலைவனைப் பிரிந்து வருந்தும் ஒரு பெண், எல்லை அறியாமல் துன்புறும் தன் நெஞ்சுக்கு உவமையாகக் கொல்லன் உலையில் மிதிபடுகிற தோல் துருத்தியை எடுத்துக்கொள்கிறாள். ஏழு ஊர்களுக்கும் பொதுவான வேலையை, ஓர் ஊரிலே அமைந்த உலையில், தான் ஒன்றாகவே நின்று தாங்குகிற துருத்தி அது. ஏழு ஊர்க் கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் வந்து குவிந்துகொண்டே இருக்க, ஓய்ந்திருக்க ஒரு கணமும் இன்றி, மாற்றிவிடத் துணை ஒன்றும் இன்றி, மிதிக்கு மிதி உப்பியும் சுருங்கியும் அது படும் பாட்டை நேரில் கண்டிராத ஒருவருக்கு அந்த உவமை தோன்றியிருக்காது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர். காதலின் துயரத்தைச் சொல்ல வந்த அவர், தொழில் உலகத்தின் தீராத கவலை ஒன்றையும் அதனோடு சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் கல்குவாரியிலும் சிமெண்டு ஆலையிலும், லேத் பட்டறையிலும் பஞ்சர் கடையிலும், கிணற்று மேட்டிலும்கூட, கம்ப்ரசர் என்ற பெயரோடு இரைந்துகொண்டிருக்கிற காற்றழுத்த யந்திரம் அந்தத் துருத்தியின் நேர் வாரிசு. துருத்தியிடமிருந்து வேலையை மட்டுமல்லாமல் கவலையையும் அது சுவீகரித்துக்கொண்டது. ‘இது நின்றுபோனால் என்ன செய்வது, மாற்றுக்கு எதை வாங்கி வைப்பது’ என்ற கேள்வியைக் கேட்காத தொழிலதிபரோ பட்டறைக்காரரோ இந்தப் பிரதேசத்தில் இருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு இந்த மண் காலந்தோறும் எவ்வாறு விடை கண்டது என்பதைப் பார்ப்பது, இன்று மாற்று யந்திரம் தேடுகிறவர்களுக்கும் பிரயோஜனமாக இருக்கும்.

பழைய கொல்லர்கள் கண்ட விடை இரட்டைத் துருத்தி. ஆட்டுத் தோலைக் கிழியாமல் உரித்துப் பதப்படுத்தி, ஒரு முனையில் குழலைப் பொருத்தி, மறுமுனையைத் திறந்து மூடும் வாயாகத் தைத்து, அப்படிப்பட்ட இரண்டை உலையின் அருகே ஜோடியாக வைப்பார்கள். ஒன்றை அமுக்கும்போது மற்றொன்று வாய் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அது அமுங்கும்போது இது வாங்கும். இரும்புக் கல்லை உருக்கிய நாட்டு உலைகளில் இந்த ஏற்பாடு உயிருக்குச் சமானம். ஏனெனில் காற்று சற்றே நின்றாலும் சூடு தணிந்து, கரியும் கல்லும் கசடும் ஒன்றோடொன்று கட்டிப்பட்டு, அன்றைய உழைப்பு முழுவதும் பாழாகிவிடும். ஜோடியில் ஒரு தோல் கிழிந்துபோனாலும், மற்றொன்று பாதி வேகத்திலாவது ஊதி, நெருப்பை அணையவிடாமல் காத்துக்கொண்டிருக்கும். துணைத் துருத்தியின் முதற்கடமை நெருப்பைக் காப்பது. முழு வேலையையும் முழு வேகத்தில் செய்வது அதற்கு அடுத்தபடியானது. இந்த வித்தியாசத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நமக்கு அது உதவப் போகிறது.

பெரம்பலூரிலிருந்து கிழக்கே அரியலூருக்குப் போகிற சுமார் 30 கிலோமீட்டர் சாலையில் பயணம் செய்கிறவர், தம்மை அறியாமலே இரண்டு வேறு யுகங்களைக் கடந்துவிடுகிறார். மேற்கே பச்சைமலையின் அடிவாரம் தொடங்கி விரிவது, பூமியின் மிகப் பழைய கடும்பாறை. கிழக்கே கிடப்பது, ஒரு காலத்தில் கடல் புகுந்து நின்று விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும். 1862இல் எச். எப். பிளான்போர்டு இந்தக் கடற்படிவுகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று வகுப்புகளாகப் பிரித்துப் பெயரிட்டார். உலகமெங்கும் புவியியல் படிக்கிற மாணவர்கள் இந்தச் சிற்றூர்களின் பெயர்களை இன்றும் உச்சரிக்கிறார்கள். இதே படிவுகளிடையே, சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிற மரத்தை 1940இல் உலகறியச் செய்தவர் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். மேற்கே குடிக்கவும் பாய்ச்சவும் தண்ணீர் வேண்டுமானால் கடும்பாறையைத் துளைக்க வேண்டும். கிழக்கே பிழைப்பு வேண்டுமானால் சுண்ணாம்புக் கல்லை உடைக்க வேண்டும். ஆகவே, துளைக்கிற கருவிக்கும் அதை இயக்குகிற சக்திக்கும் இந்த இரு மாவட்டங்களின் வாழ்வில் தனி ஸ்தானம் ஏற்பட்டது.

யந்திரம் வருவதற்கு முன்னால் அந்தத் துளையைப் போட்டது மனிதக் கை. வெட்டுக்கிணற்றின் அடியில், பாறைமேல் ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அடிக்கு ஓர் அடி திருப்பிக் கொடுக்க, மற்றவர்கள் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். கம்பியைப் பிடித்தவருடைய கை, சம்மட்டிக்காரரின் கண்ணையும் கவனத்தையும் நம்பியிருந்தது. ஒரு தமர்த் துளை போட்டு முடித்து, வெடிமருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு, மேலேறி வந்து காதைப் பொத்திக்கொள்கிறவரையில் ஒரு பகற்பொழுதே கழிந்துவிடுவதும் உண்டு.

காற்றைக் கொண்டு பாறையைத் துளைக்கலாம் என்பதைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது ஆல்ப்ஸ் மலை. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மான்செனி சுரங்கப்பாதையை 1857இல் தொடங்கியபோது, கையால் குடைந்தால் ஒரு தலைமுறையே ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஜெர்மைன் சோமெய்யே என்ற பொறியாளர், மலையருவியின் சக்தியால் காற்றை அமுக்கிக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, அதனால் துளையிடும் யந்திரங்களை இயக்கினார். சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1871இல் திறக்கப்பட்டுவிட்டது. யந்திரத்தை இயக்கிய காற்றே, வேலை முடிந்து வெளிப்பட்டபின், மலையின் வயிற்றில் நின்ற தொழிலாளருக்குச் சுவாசமாகவும் ஆயிற்று. நம் பக்கத்தில் இந்த வித்தையின் பெரிய பள்ளிக்கூடம் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர்கள் பூமிக்கடியில் காற்றுத் துளைப்பானைத் தோளோடு அணைத்துப் பிடிக்கக் கற்றார்கள்.

தேசம் சுதந்திரம் அடைந்தபின், இந்த யந்திரங்களை நாமே செய்யலானோம். 1958இல் புனேயில் கிர்லோஸ்கர் நியூமேடிக் கம்பெனியும், 1960இல் கோயமுத்தூரில் எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் ஸ்தாபனமும் தோன்றின. கோயமுத்தூரில் கம்ப்ரசர் செய்யத் தொடங்கியதன் பலன், கொங்கு நாட்டோடு நில்லாமல், பெரம்பலூரின் மானாவாரிக் காட்டுக்கும் வந்து சேர்ந்தது. டிராக்டரின் பின்னால் கம்ப்ரசரைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் கிணறு வெட்டும் கோஷ்டிகள் உண்டாயின. கிணற்று மேட்டிலே டிராக்டர் இரையும். கறுத்த ரப்பர் குழாய் விளிம்பைத் தாண்டிப் பாம்புபோல் உள்ளே இறங்கும். அடியிலே ஜாக்ஹாமர் அதிர, வெண்தூள் கிளம்பி ஆளை மறைக்கும். கையால் ஒரு நாள் தின்ற தமர் சில நிமிஷங்களில் முடிந்தது. சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைகிற இந்த வறண்ட காட்டிலே, ஐம்பதடியில் வற்றிய கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் துணிச்சலைக் குடியானவனுக்குக் கொடுத்தது அந்த யந்திரந்தான்.

பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. துளைப்பதற்கு மட்டுமின்றித் தண்ணீரைத் தூக்குவதற்கும் காற்றே பயன்பட்டது. குழாய்க்கு அடியில் காற்றை விட்டால், குமிழிகள் கலந்த தண்ணீர் எடை குறைந்து தானே மேலெழும் என்ற தத்துவத்தை ஜெர்மன் சுரங்கப் பொறியாளரான கார்ல் லோஷர் 1797இலேயே கண்டறிந்திருந்தார். அதையே நம் விவசாயிகள் ‘கம்ப்ரசர் மோட்டார்’ என்று அழைத்து வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டார்கள். தேய்ந்து கெடக்கூடிய உறுப்பு எதுவும் போருக்குள்ளே இறங்குவதில்லை என்பதும், நீர்மூழ்கி மோட்டாரை விடமுடியாத குறுகிய போரிலும் இது வேலை செய்யும் என்பதும் இதன் பெருமைகள். மின்சாரத்தை மிகுதியாக விழுங்கும் என்பது இதன் குறை.

கிழக்கே நடந்தது வேறு சரித்திரம். அரியலூருக்கும் திருச்சிக்கும் இடையிலுள்ள கல்லக்குடியில் 1939இல் டால்மியா சிமெண்டு ஆலை எழுந்தது. அந்த ஊருக்கு டால்மியாபுரம் என்ற பெயர் சூட்டப்பட்டதும், பழைய பெயரை மீட்க 1953இல் நடந்த கிளர்ச்சியும் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றவை. அரசினர் சிமெண்டு ஆலை 1979இல் அரியலூரிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ரெட்டிப்பாளையம், தளவாய், ஆலத்தியூர், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று சுற்றுவட்டாரமெங்கும் புகைபோக்கிகள் உயர்ந்தன. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்து, அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் இறுதியாகப் பிரிந்த அந்த ஆண்டுகளில், எல்லைகள் மாறினாலும் சுண்ணாம்புக் கல் லாரிகளின் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

சிமெண்டு ஆலையைப் பார்க்கப் போகிறவர்களின் கண்ணைக் கவர்வது, படுத்த நிலையிலே சுழலும் பிரும்மாண்டமான சூளையும் அதனுள் கல்லைச் சுமார் 1,450 டிகிரிவரை சூடேற்றிக் கனலும் நெருப்புந்தான். ஆனால் அந்த ஆலையின் சுவாசம், ஒதுக்குப்புறமாக இருக்கிற கம்ப்ரசர் அறையிலிருந்து வருகிறது. தூசியைப் பிடிக்கும் பைகளைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை காற்றுதான் உதறிவிடுகிறது. வாயுக்களின் வழியைத் திறந்து மூடும் கதவுகளைக் காற்றுதான் அசைக்கிறது. சூளைக்கு முன்னுள்ள கோபுரத்தில் அடைத்துக்கொள்ளும் கல்மாவைத் திடீர்க் காற்று வீச்சுத்தான் தள்ளுகிறது. மூட்டை போடும் யந்திரத்தின் கைகளை இயக்குவதும் அதுவே. காற்றின் அழுத்தம் விழுந்தால் பைகளில் தூசி படிந்து இழுவை குறையும். இழுவை குறைந்தால் நெருப்பு தடுமாறும். கடைசியில் சூளையையே நிறுத்த நேரும். நிறுத்திய சூளையையும் அப்படியே விட்டுவிட முடியாது. சூட்டினால் உடல் வளைந்துவிடாதிருக்க, மின்சாரம் இல்லாத வேளையிலும் அதை மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பதற்கென்றே தனியாக ஒரு துணை எஞ்சின் வைத்திருக்கிறார்கள். இத்தகைய இடத்திலே பழகிய தொழிலாளி ‘ஸ்டாண்ட்பை’ என்ற சொல்லைத் தமிழ்ச் சொல்லைப்போலவே சரளமாகப் பேசுவதில் வியப்பில்லை. வேலைக்கு மூன்று யந்திரங்கள் போதுமானால் நான்கு வைப்பதும், நான்கையும் முறைவைத்து ஓட்டுவதும் ஆலைகளில் நிலைபெற்ற வழக்கம். கொல்லனுடைய இரட்டைத் துருத்திதான் அங்கே உருவத்தில் பெருத்து நிற்கிறது.

இந்தச் சரித்திரத்தின் துயரமான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கைச்சம்மட்டியைவிடப் பல மடங்கு வேகமாகத் துளைத்த காற்றுக் கருவி, பல மடங்கு தூசியையும் கிளப்பியது. அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாக முற்றி, யந்திரத்துக்கு மூச்சுக் கொடுத்தவனுடைய மூச்சையே பறித்தது. துளைக்கம்பியின் நடுவே துவாரமிட்டு நீரைச் செலுத்தித் தூசியை அடக்கும் உபாயத்தை அமெரிக்காவில் ஜார்ஜ் லெய்னர் 1890களின் இறுதியிலேயே கண்டுவிட்டார். ஆயினும் முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு உலர்ந்த பாறையைத் துளைக்கிறவர்களை இன்றும் காண்கிறோம். யந்திரத்துக்குத் துணை யந்திரம் வாங்குகிற முதலாளி, அந்த மனிதருக்குத் தண்ணீர்க் குழாயும் முகக்கவசமும் வாங்குவதை அதைவிட முந்திய கடமையாகக் கொள்ள வேண்டும்.

துணை யந்திரத்தின் அருமையை ஆலைக்கு வெளியே, சின்னப் பட்டறைகளுக்கும் உணர்த்தியது மின்வெட்டு. 2008 முதல் சில ஆண்டுகள், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்கள் நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இன்றித் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் ஒருமுறை, பெரம்பலூர் நான்கு ரோட்டுக்கு அப்பால் சென்னைச் சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடையின் நிழலில் நிற்க நேர்ந்தது. வெங்காய மூட்டை ஏற்றிய லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் இறங்கி வந்தார். “அண்ணே, கரண்ட் இல்லபோல இருக்கே, காத்து அடிக்க முடியுமா?” என்றார். கடைக்காரர், “இருங்க தம்பி, பெல்ட்ட மாத்திடுறேன்” என்று சொல்லிவிட்டு, கம்ப்ரசரின் சக்கரத்தை மோட்டாரோடு இணைத்திருந்த பெல்ட்டைக் கழற்றி, மறுபுறத்திலே மேடை கட்டி நிறுத்தியிருந்த டீசல் எஞ்சினின் சக்கரத்தில் மாட்டினார். பிறகு குனிந்து, தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்தார், துருவேறிய செந்நிறத் தண்ணீர் பீறிட்டு, பின் வெறுங்காற்றாய்ச் சீறிற்று, மூடினார். எஞ்சினை இரண்டே சுற்றில் கிளப்பினார். முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை பவுண்டு வைக்கட்டும்?” என்று கேட்டார்.

எஞ்சின் அத்தனை எளிதாகக் கிளம்பியது எப்படி என்று விசாரித்தேன். “வெள்ளிக்கிழமை கடைக்குச் சாம்பிராணி போடுறப்போ இதையும் கால் மணி நேரம் ஓட்டிடுவேங்க. ஓட்டாம வெச்ச எஞ்சின் அவசரத்துக்கு உதவாது” என்றார். மாற்று யந்திரத்தைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களும் உள்ளடக்கிவிட்டன.

வாங்குவதற்கு முன்னரும் யோசிக்க வேண்டியவை உண்டு. துணைக் கம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் சிந்திக்க வேண்டியது யந்திரத்தின் விலையோ பெயரோ அல்ல. எந்த ஆபத்துக்குத் துணை தேடுகிறோம் என்பதே. மின்சாரம் போவதுதான் ஆபத்து என்றால், மின்சாரத்திலேயே ஓடும் இரண்டாவது யந்திரத்தை வாங்கி வைப்பது, ஒரே கிணற்றை நம்பி இரண்டு ஏற்றம் கட்டுவதைப் போன்றது. அங்கே வேண்டுவது டீசல். யந்திரம் பழுதாவதுதான் ஆபத்து என்றால், மின்சார யந்திரமே போதும். ஆனால் அது தனிச் சுவிட்சிலும் தனி வால்விலும் நின்று, கெட்டதைக் கழற்றி எடுக்கும்போதும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். தூசியும் வெக்கையுந்தான் ஆபத்து என்றால், ஒரே அறையில் இரண்டையும் நெருக்கி வைப்பது இரண்டையும் ஒன்றாக நோய்க்கு ஆளாக்குவதாகும். சுண்ணாம்புத் தூள் மிதக்கும் அரியலூர்க் காற்றில், உள்வாங்கும் வடிகட்டியை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யாத யந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டதானாலும் சூடேறி நின்றுவிடும்.

அடுத்தது அளவு. பட்டறையின் தேவை நூறு பங்கு என்றால், நூறு பங்கு சக்தியுள்ள இரண்டு யந்திரங்களை வாங்கலாம். ஐம்பது பங்கு சக்தியுள்ள மூன்றையும் வாங்கலாம். பின்னதில் எந்த ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் நூறைக் கொடுக்கும். கிடையில் கிடக்கும் முதலும் பாதியாகக் குறையும். சிறு பட்டறைக்காரர், நெருப்பை மட்டும் காத்த அந்த ஒற்றைத் தோலை நினைத்துக்கொண்டு, நின்றால் நஷ்டமாகிற வேலைக்கு மட்டும் போதுமான சின்ன யந்திரத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தூசி ஊதுவதும் வர்ணம் அடிப்பதும் மறுநாள்வரை காத்திருக்கும். பெரிய தொட்டி இருக்கிறதே என்று தைரியம் கொள்கிறவர்களும் உண்டு. 1,000 லிட்டர் தொட்டியில் அழுத்தம் ஏழு கிலோவிலிருந்து ஐந்துக்கு இறங்குகிறவரையில் கிடைக்கும் காற்று, வெளிக்காற்றின் கணக்கில் சுமார் 2,000 லிட்டர். நிமிஷத்துக்கு 500 லிட்டர் செலவழிக்கும் பட்டறைக்கு அது நான்கு நிமிஷ ஆயுள். துணை யந்திரத்தைக் கிளப்புவதற்குள் வேலை கெடாமல் பார்த்துக்கொள்வதே தொட்டியால் ஆகக்கூடிய உபகாரம். அந்தத் தொட்டியும் உயிரோடு விளையாடக்கூடியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 31ஆம் பிரிவில் அழுத்தக் கலங்களின் பாதுகாப்பை வற்புறுத்தியது அதனால்தான். முதல் யந்திரத்தின் தொட்டியைச் சோதித்துவிட்டு, மூலையில் கிடக்கும் துணையின் தொட்டியை மறந்துவிடுகிறவர்கள், உள்ளே ஊறிய நீர் இரும்பை அரித்துக்கொண்டிருப்பதை அறிவதில்லை.

நன்னாகையாரின் துருத்தி வருந்தியதற்குக் காரணம், ஏழு ஊர்களும் அதனிடம் வேலை வாங்கியதேயன்றி, அதற்கு ஒரு துணை வேண்டும் என்று ஓர் ஊராவது நினைக்காமல் போனது. நம்முடைய பட்டறைகளிலும் குவாரிகளிலும் அந்தப் பிழை நேர வேண்டியதில்லை. பட்டறை வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: உங்கள் வேலையில் காற்று நின்றால் கெட்டுப்போவது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அதற்குப் போதுமான துணையை வாங்குங்கள், வாங்கியதைத் தார்ப்பாயால் மூடி வைக்காமல், வாரத்துக்கு ஒரு நாள், தொட்டியின் தண்ணீரை வடித்துவிட்டு, கால் மணி நேரம் ஓட்டுங்கள்.